அகலமா, பதமா: டயர் எதனால் ரோட்டைப் பிடிக்கிறது?

"ஏனுங்ணா, 185-ஐக் கழட்டிட்டு 205 மாட்டிரலாமுங்களா?"

185, 205 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம். கோயம்புத்தூர் டயர் கடைகளில் இந்தக் கேள்வி எழாத வாரம் இருக்காது. பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "மாட்டிரலாமுங்க தம்பி. வண்டி ரோட்டை அப்படியே அமுக்கிப் புடிச்சுக்கும்." நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டு, இதே பதிலை நம்பிப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு வந்தவன்தான். பின்னாலிருந்து பார்த்தால் வண்டி நல்ல முறுக்காக இருந்தது. அந்த ஆடி மாதம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்த பிறகும் வண்டியின் மூக்கு நேராகவே போயிற்று. மெதுவாக வந்ததால் தப்பித்தேன். ஊர் திரும்பியதும் டயரின் பக்கச் சுவரில் இருந்த எழுத்துகளை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். அகலமான டயர்தான், சந்தேகமில்லை. ஆனால் ரப்பர், வருடக்கணக்கில் தேயாமல் உழைக்கவென்றே செய்த கெட்டி ரகம்.

அகலத்தை எல்லோரும் பார்க்கிறோம். ரப்பரின் பதத்தை யாரும் பார்ப்பதில்லை. பிடியில் எதற்கு எவ்வளவு பங்கு என்று புரிந்துகொள்ள, டயர் ரோட்டைத் தொடும் இடத்திலிருந்து தொடங்கலாம்.

ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று 32. அதாவது சதுர செ.மீ.க்கு சுமார் 2.25 கிலோ அழுத்தம். 300-ஐ 2.25-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 133 சதுர செ.மீ. வருகிறது. அந்தச் சக்கரம் தரையைத் தொடும் பரப்பு அவ்வளவுதான். விரித்த உள்ளங்கை அளவு. பக்கச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் கணக்கு துல்லியமாக இருக்காது. ஆனாலும் பெரிதாகத் தவறாது. இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எடையும் காற்றும்தான் பரப்பைத் தீர்மானிக்கின்றன. 185 டயர் தரையில் 15 செ.மீ. அகலத்துக்குப் பதிந்தால், நீளம் 9 செ.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும். 205 டயர் 17 செ.மீ. அகலத்துக்குப் பதிந்தால், நீளம் 8 செ.மீ.க்கும் கீழே குறைந்துவிடும். நெட்டையாக இருந்தது குட்டையாகிறது, பரப்பு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. நம்பிக்கை வராவிட்டால் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, தரையைத் தொடும் ரப்பர் பட்டனில் ஷூ பாலிஷைத் தடவி, அடியில் ஒரு சார்ட் பேப்பரை விரித்து இறக்கிப் பாருங்கள். வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பல்ல.

அப்படியானால் பந்தயக் கார்களுக்கு ஏன் உருளை உருளையாக டயர் போடுகிறார்கள்?

பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதி, உராய்வு எடையைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்ததல்ல என்கிறது. இரும்பு மேல் இரும்பு வைத்தால் அது ஓரளவு சரி. ரப்பர் அந்த விதிக்குக் கட்டுப்படாது. ரப்பரை எவ்வளவு அழுத்துகிறோமோ, அவ்வளவுக்கு அதன் பிடி விகிதம் (எடையில் எத்தனை பங்கு பிடியாகிறது என்ற கணக்கு) குறையும். எடை இரண்டு மடங்கானால் பிடி இரண்டு மடங்காகாது, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். வளைவில் நடப்பது இதுதான். திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தின் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: நேராக நிற்கும்போது இரண்டு பக்கமும் 300 கிலோ, பிடி விகிதம் 1. மொத்தப் பிடி 600. வளைவில் வெளிப்பக்கம் 500, உள்பக்கம் 100 என்று ஆகிறது. வெளிப்பக்க டயரின் விகிதம் 0.9 ஆகக் குறைகிறது, உள்பக்கத்தில் 1.05 ஆகக் கூடுகிறது. 450-ம் 105-ம் சேர்ந்தால் 555. வண்டியின் எடை ஒரு கிலோ கூடக் குறையவில்லை, பிடியில் மட்டும் 45 காணாமல் போய்விட்டது. பெரிய டயர் இந்த இழப்பைக் குறைக்கிறது. அதே சுமை அதற்குச் சுமையாகத் தெரிவதில்லை.

இரண்டாவது ஆதாயம் காற்றில் இருக்கிறது. 185/60 ஆர் 15 டயரில் (60 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் சதவீதமாக; 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்) சுமைக் குறியீடு பொதுவாக 84, அதாவது 500 கிலோ. 205/55 ஆர் 15 டயரில் 88, அதாவது 560 கிலோ. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்தான், 603 மி.மீ.க்கும் 606 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம். ஆனால் பெரிய டயரில் காற்றை இரண்டு மூன்று பாயின்ட் குறைத்தாலும் அதே எடையைத் தாங்கும். 32-ஐ 29 ஆக்கினால் நம் 133 சதுர செ.மீ. கிட்டத்தட்ட 147 ஆகும். அகலம் பரப்பைக் கூட்டுவது இந்தச் சுற்றுவழியில்தான். புதிதாக 205 மாட்டிவிட்டு, பழைய 32-ஐயே, சில பேர் "எதுக்கும் இருக்கட்டும்" என்று 35-ஐயும் அடித்துக்கொண்டு ஓட்டினால், கொடுத்த காசில் பாதி அழகுக்குத்தான் போயிருக்கும்.

மூன்றாவதுதான் என் கணக்கில் எல்லாவற்றையும் விடப் பெரியது: சூடு. அதைச் சொல்வதற்கு முன் ரப்பரைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச் சர்க்கரை காய்ச்சுபவர்களுக்குப் பாகின் குணம் அத்துப்படி. பதமான பாகை மெதுவாக இழுத்தால் நூலாக நீளும். சட்டென்று இழுத்தால் முறியும். ஆறவிட்டாலும் முறியும். அதாவது, வேகமாக இழுப்பதும் குளிர வைப்பதும் பாகுக்கு ஒன்றுபோலத்தான். ரப்பரும் இந்த ஜாதிதான். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் அது கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். பல டயர் ரப்பர்களுக்கு அந்தப் புள்ளி பூஜ்யம் டிகிரிக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் ரப்பரை வேகமாகக் குலுக்கக் குலுக்க அந்தப் புள்ளி மேலே ஏறி வரும். பிரேக் அடிக்கும்போதோ வளைவில் லேசாகச் சறுக்கும்போதோ, தார் ரோட்டின் ஜல்லி முனைகள் டயரின் மேல்தோலை ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கிலிருந்து லட்சக்கணக்கான முறை வரை குத்தி எடுக்கின்றன. அந்த வேகத்தில் ரப்பர், துள்ளும் பந்தாகவும் இல்லாமல் விறைத்த கட்டையாகவும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவே பிசுபிசுப்பான ஒரு நிலைக்கு வருகிறது. ஜல்லி முனை குத்திய இடத்தில் அமுங்கும், ஆனால் உடனே திரும்ப எழாது. முன்பக்கம் அழுத்தம், பின்பக்கம் தளர்ச்சி. இந்த ஏற்றத்தாழ்வுதான் வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது.

பிடிக்கு இன்னொரு வழியும் உண்டு. ரப்பர் மூலக்கூறுகள் தரையின் மேற்பரப்போடு ஒட்டி, இழுபட்டு, அறுந்து, மறுபடி ஒட்டுகின்றன. இதற்குச் சுத்தமான, காய்ந்த பரப்பு தேவை. நடுவே தண்ணீரோ தூசியோ வந்துவிட்டால் இந்த ஒட்டல் பெருமளவு போய்விடும். அமுங்கிப் பிடிக்கும் முதல் வழிதான் மிஞ்சும். மழையில் ஒரு டயருக்கும் இன்னொரு டயருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிவது இதனால்தான். காய்ந்த ரோட்டில் சுமாரான காம்பவுண்டு (ரப்பர் கலவை) கூட ஒட்டிச் சமாளித்துவிடும். நனைந்த ரோட்டில் அதன் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அமுங்கி மெதுவாக எழும் ரப்பர் அந்த வேலையில் சூடாகும், எரிபொருளையும் தின்னும். அந்தக் காலத்தில் இதற்குத் தப்பவே வழியில்லை: பிடி வேண்டுமென்றால் மைலேஜ் போகும், மைலேஜ் வேண்டுமென்றால் பிடி போகும். ரப்பருக்கு வலு கொடுக்கச் சேர்க்கும் கரிப்பொடிக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்காவைச் சேர்க்கும் முறை 1990களின் தொடக்கத்தில் மிஷ்லின் கம்பெனி மூலம் கார் டயர்களுக்கு வந்தது. அங்கேதான் அந்த முடிச்சு கொஞ்சம் அவிழ்ந்தது. 80 கி.மீ. வேகத்தில் உருளும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் நொடிக்குப் பன்னிரண்டு முறைதான் அமுங்கி எழுகிறது. பிடிமானத்தின் குலுக்கலோ இதைப்போல் பல நூறு, பல ஆயிரம் மடங்கு. சிலிக்கா கலந்த ரப்பர் மெதுவான அமுங்கலில் சூட்டைக் குறைவாக வீணாக்கும், வேகமான குலுக்கலில் பிசுபிசுப்பைக் காட்டும். இன்று சில கம்பெனிகள் நெல் உமிச் சாம்பலிலிருந்தும் இந்தச் சிலிக்காவை எடுக்கின்றன. காங்கேயத்து அரிசி ஆலைகளில் கொதிகலனுக்கு அள்ளிப் போடும் அதே உமிதான்.

நாமக்கல்லையும் சங்ககிரியையும் இங்கே சொல்லாமல் போனால் தப்பு. லாரிக்காரருக்கு டயர் என்பது கிலோமீட்டர் கணக்கு. 100 பவுண்டுக்கு மேல் காற்று, டன் கணக்கில் சுமை, பட்டன் தேய்ந்தால் ரீட்ரெடிங் (பழைய டயருக்கே புதுப் பட்டன் ஒட்டுவது), மறுபடி ரோடு. அவர்களுக்குச் சூடாகாத, கிழியாத ரப்பர் வேண்டும். அதனால் லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம். பந்தயக்காரருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். அரை மணி நேரத்தில் செத்தாலும் பரவாயில்லை, அதுவரை பசையாக ஒட்ட வேண்டும். நாம் வாங்கும் கார் டயர்கள் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கின்றன. எங்கே என்பதற்கு ஒரு துப்பு பல டயர்களின் பக்கச் சுவரிலேயே இருக்கிறது. அமெரிக்கத் தர முறைப்படி பொறித்திருக்கும் ட்ரெட்வேர் எண் அது. 200 என்றால் மென்மையான, சீக்கிரம் தேயும் ரகம். 400, 500 என்று ஏறினால் நீண்ட நாள் உழைக்கும் ரகம். அந்த எண்ணைப் போடுவது அந்தந்தக் கம்பெனியே என்பதால் ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொரு கம்பெனியின் 300-ஓடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்றுமே பார்க்காமல் வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல். பக்கத்திலேயே இருக்கும் டிராக்‌ஷன் எழுத்து ஈரமான ரோட்டில் நேர்க்கோட்டில் பிரேக் அடித்து நிற்கும் திறனை மட்டும்தான் சொல்லும். வளைவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இப்போது சூட்டுக்கு வரலாம். மென்மையான ரப்பரை ஒல்லியான டயரில் போட்டால் என்ன ஆகும்? எல்லா வேலையையும் கொஞ்சம் ரப்பரே செய்ய வேண்டியிருப்பதால் சீக்கிரம் கொதித்துப் பதம் தப்பும். செட்டிபாளையம் கரி பந்தய டிராக்கில், ஏப்ரல் வெயிலில், சாதாரண ரோடு டயரோடு இறங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சுற்று 2.1 கி.மீ.தான். முதல் சுற்றில் டயர் நன்றாகப் பிடிக்கும், இரண்டாவதில் அதைவிட நன்றாகப் பிடிக்கும், அப்புறம் யாரோ ரோட்டில் கிரீஸைத் தடவிவிட்டது மாதிரி ஆகிவிடும். அகலமான டயரில் தரையைத் தொடும் பரப்பு பெரிதாக மாறாவிட்டாலும், சுற்றளவு முழுவதற்கும் பார்த்தால் ரப்பர் அதிகம். ஒவ்வொரு பகுதியும் தரையில் படும் நேரம் குறைவு, ஆறும் நேரம் அதிகம், தேய்மானமும் பங்கிடப்படுகிறது. ஆகவேதான் அகலமான டயரில் மென்மையான காம்பவுண்டைத் துணிந்து போட முடிகிறது. பிடியைத் தருவது ரப்பர். அந்த ரப்பர் தாக்குப்பிடிக்க இடம் தருவது அகலம். அகலத்தை மட்டும் வாங்கி ரப்பரை விட்டுவிட்டால், பெரிய தோசைக்கல்லை வாங்கிவிட்டு மாவுக்கு உளுந்து போட மறந்த கதைதான்.

காற்றும் சூட்டோடு சேர்ந்து ஏறும். 30 டிகிரியில் 32 வைத்த டயருக்குள் 80 டிகிரி ஆனால், காற்று 40-ஐ நெருங்கிவிடும். முதலில் கஷ்டப்பட்டுக் கூட்டிய பரப்பு அங்கே போய்விடும். டிராக்கில் சூட்டோடு சூடாகக் காற்றை இறக்குவது இதற்காகத்தான். வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்ப அடித்துக்கொள்ள மறப்பவர்களும் உண்டு, அது தனிக் கதை.

ஃபார்முலா 1 காரர்கள் அகலத்தையும் பதத்தையும் எப்படி ஒன்றாகக் கையாளுகிறார்கள் என்பதற்கு 2017-ஐப் பார்க்கலாம். வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று முடிவெடுத்தபோது முன் டயரை 245-லிருந்து 305 மி.மீ. ஆகவும், பின் டயரை 325-லிருந்து 405 ஆகவும் அகலமாக்கினார்கள். 2026 விதிகளில் எடையும் காற்று எதிர்ப்பும் குறைய வேண்டும் என்று முன்னால் 25, பின்னால் 30 மி.மீ. குறைத்தார்கள். அகலத்துக்கு விலை உண்டு என்பதற்கு அவர்களே சாட்சி. ஒவ்வொரு பந்தயத்துக்கும் எந்தக் காம்பவுண்டு என்பது இன்னொரு தனிக் கணக்கு. அந்த ஊரின் தார், வெயில், வளைவு எல்லாம் பார்த்துத்தான் மூன்று ரகத்தைத் தேர்ந்து கொண்டுபோகிறார்கள்.

நம் ஊர்க்காரர் ஒருவரின் பெயரும் டயர் வரலாற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1980களின் கடைசியில் மாருதி 800 என்ஜினைப் போட்டு ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியவர் கோவையின் கரிவரதன். செட்டிபாளையம் டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த ஃபார்முலா மாருதியில் பந்தயத்தைத் தொடங்கிய கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா 1 ஓட்டினார். அந்த வருடம் பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கூடாது என்பது விதி. ஜூன் மாதம் இண்டியானாபோலிஸில், சாய்வாகக் கட்டப்பட்ட 13-ஆம் வளைவில் மிஷ்லின் டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. பந்தயத்தன்று மிஷ்லின் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று வந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் எடுத்தார். ஃபார்முலா 1இல் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. அன்று கைவிட்டது பட்டன் ரப்பர் அல்ல, அந்தச் சாய்வு வளைவின் சுமையைத் தாங்க வேண்டிய டயரின் உள்கட்டு. அகலம், காம்பவுண்டு என்று பேசும்போது மூன்றாவதாக இந்த உள்கட்டு இருப்பதை நாம் மறந்துவிடுகிறோம். பக்கச் சுவர் தொளதொளவென்று இருந்தால் எந்த ரப்பரும் ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்காது. குறுகிய ரிம்மில் அகல டயரைப் பிதுக்கி மாட்டினாலும் இதே கதிதான்.

தண்ணீரில் அகலத்தின் கணக்கு தலைகீழாகும். பட்டன் மொட்டையான ஒரு டயர், தேங்கிய நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு விமானத் துறையில் பிறந்த ஒரு சூத்திரம் உண்டு. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது அது. 32 என்றால் சுமார் 94 கி.மீ. வேகம். 24 என்றால் 82-க்கும் கீழே. "மழைக்குக் காத்தைக் குறைச்சா கிரிப் கூடும்" என்ற நம் ஊர் நம்பிக்கை சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் ஆளை விழுங்கக்கூடியது. பட்டன் ஆழமாக இருக்கும்வரை நீர் வழிய இடமிருக்கிறது. புது டயரில் 8 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும் ஆழம் 1.6-க்கு வந்துவிட்டால் சட்டப்படியே டயர் முடிந்தது. அகல டயர் முன்னே ஒதுக்க வேண்டிய தண்ணீர் அதிகம், ஒதுக்கக் கிடைக்கும் நீளமோ குறைவு. ஆகவே ஒல்லி டயரைவிடச் சீக்கிரம் மிதக்கும்.

மலைப் பாதைகளில் வேறு மாதிரி. திம்பத்தின் 27 வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ மிதக்கும் வேகத்துக்கு யாரும் போவதில்லை. அங்கே வேண்டியது ஆறிய நிலையிலேயே, நனைந்த நிலையிலேயே பிடிக்கும் காம்பவுண்டு. 70, 80 டிகிரிக்குச் சூடேறினால்தான் விழித்துக்கொள்ளும் டிராக் டயரை மாட்டிக்கொண்டு விடிகாலைப் பனியில் வால்பாறை ஏறினால், அது மேலே போய்ச் சேரும்வரை தூங்கிக்கொண்டேதான் வரும்.

வயதையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வெயிலும் காற்றும் ரப்பரை இறுக்கிவிடும். பட்டன் புதுசு மாதிரி இருக்கும், நகத்தால் அழுத்தினால் மட்டும் மரக்கட்டையாக இருக்கும். வாரம் ஒரு நாள் மட்டும் எடுத்து ஓட்டும் ஆசைக் கார்களில்தான் இந்த நோய் அதிகம்.

நான் கடைசியில் 205-ஐக் கழட்டிவிட்டு அதே ரிம்மில் 195/55 போட்டேன். சிலிக்கா கலவை, ஈரத்துக்குப் பேர் பெற்ற ரகம், முந்தையதைவிட விலையும் கூடுதல். கடைக்காரர் நம்பவில்லை. "அளவைக் குறைச்சுக்கிட்டுக் காசை அதிகமாக் குடுக்கறீங்களேங்க, யோசிச்சுத்தான் பண்றீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். அடுத்த ஆடியில் அதே மலை, அதே மழை, வண்டி சொன்ன பக்கம் திரும்பியது. இப்போது 22,000 கி.மீ. ஆகிறது. பட்டன் 3 மி.மீ.க்கு வந்துவிட்டது. இந்த மழைக்காலத்துக்கு முன் இன்னொரு செட்டுக்குக் காசு ஒதுக்க வேண்டும்.